கொண்டுவருபவருக்கு இருபது பிராங்க்

மூன்று பேரும் ஒரே நேரத்தில் மேசையிலிருந்து கைகளை எடுத்தார்கள்.

சுடுசட்டியில் கை பட்டவர்கள் எடுப்பதுபோல எடுத்தார்கள். குழுத் தலைவியின் கைகள் மடிக்குப் போயின. பால்பண்ணைக்காரர் கைகளைக் கட்டிக்கொண்டார். எழுத்தரின் விரல்கள் மடிக்கணினிக்கு மேலே அந்தரத்தில், இறங்க இடம் தெரியாத தும்பிகள்போல நின்றுவிட்டன.

மேசையின் நடுவில் நான் வைத்த வெள்ளைக் கடித உறை கிடந்தது.

"இது உங்களுக்குத்தான். திறந்து பாருங்கோ" என்றேன், என் உடைந்த ஜெர்மனில், வாய் நிறையச் சிரித்துக்கொண்டு.

ஒருவரும் திறக்கவில்லை. மேசைக்குக் கீழே மனைவி மாலாவின் சப்பாத்து என் கணுக்காலைத் தேடி வந்து உதைத்தது. நான் அப்போதும் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் காது மடல் சுடுகிறது.

சுவிஸில் குடியுரிமை கேட்டுப் போன இடத்தில், கேள்வி கேட்க வந்த மூன்று பேருக்கு முன்னால், காசு வைத்த உறையைத் தள்ளியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பெயர் தெரியாத ஓடை

இந்தத் தொடரில் என் வேலை இடத்தைப் பற்றி நிறையச் சொல்லிவிட்டேன். ஓல்டன் நிலையத்துக்குப் பக்கத்தில், பொதிகளைப் பிரித்து ஊர் ஊராக அனுப்பும் கூடம். ஊர்ப் பெயர்கள் நாள் முழுவதும் என் கைகளுக்குள்ளால் ஓடும். நான் குடியிருக்கும் ஊரைப் பற்றி மட்டும் எழுதவில்லை. எழுதினால் இந்தக் கதையைச் சொல்ல வேண்டி வரும் என்று ஒத்திப்போட்டுக்கொண்டே வந்தேன்.

ஓல்டனிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம் போனால் வரும் சின்ன ஊர். அதன் பெயர் வேண்டாம். மணிக்கூட்டுக் கோபுரம் உண்டு, பால்பண்ணை உண்டு, ஒரு வெதுப்பகம் உண்டு. குளிர்காலத்தில் மூன்றையும் பனிப்புகார் விழுங்கிவிடும்.

இந்த நாட்டில் குடியுரிமையைத் தலைநகரம் தனியாகத் தூக்கித் தந்துவிடாது. நீங்கள் குடியிருக்கிற ஊர் உங்களை ஏற்க வேண்டும். முதலில் ஊர் தேர்ந்தெடுத்த மூன்று பேர் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்கள். அவர்கள் திருப்திப்பட்டால் ஊர்க்கூட்டத்துக்கு அனுப்புவார்கள். அங்கே சனம் கை உயர்த்த வேண்டும். மிச்சமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அந்த உறை நாளுக்கு இரண்டு வருடங்களுக்கு முன்னரும் ஒருமுறை போயிருந்தோம். மாலா எல்லாக் கேள்விக்கும் மணி மணியாகப் பதில் சொன்னாள். ஓல்டனில் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். அங்கே இருக்கும் கிழவர்களின் வாயிலிருந்து இந்த வட்டாரத்தின் முழுச் சரித்திரத்தையும் சுண்டி எடுத்து வைத்திருந்தாள்.

என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். "உங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற ஓடையின் பெயர் என்ன?"

அந்த ஓடையைப் பற்றி நான் பதினொரு கவிதை எழுதியிருக்கிறேன். பெயர் தெரியாது.

"அதன்ர சத்தம் எனக்குத் தெரியும்" என்றேன்.

எழுத்தர் அதைச் சரியாக எழுதிக்கொண்டார். ஊர் அறிவு போதாது என்று கடிதம் வந்தது. நாங்கள் கொடுத்தது இரண்டு பேருக்கும் ஒரே விண்ணப்பம். என் ஓடையில் அவளும் மூழ்கினாள்.

மாலாவுக்கு அது வெறும் கடிதமல்ல. அவளுடைய அக்கா இலண்டனில் இருக்கிறாள். எங்களிடம் இருக்கும் இலங்கைக் கடவுச்சீட்டில் அங்கே போக ஒவ்வொரு முறையும் விசா எடுக்க வேண்டும், விரல் அடையாளம் கொடுக்க வேண்டும், காத்திருக்க வேண்டும். அக்காவின் மகள் கலியாணத்துக்கு விசா வந்தது, தாலி கட்டி நாலு நாள் கழித்து. கூறைச்சேலையை அவள் கைபேசியில்தான் பார்த்தாள். கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

இரண்டாவது அழைப்பு வந்த அன்று சொன்னாள்: "இஞ்சேருங்கோ, இந்த முறை கவிதை வேண்டாம். கேட்டதுக்குப் பதில். அவ்வளவுதான்."

பிள்ளையாருக்கு ஒரு சட்டம்

அந்த இரண்டாவது அழைப்புக்கு ஐந்தாறு மாதங்களுக்கு முன்னர் நடந்தது இது.

எங்கள் பிள்ளையார் படத்தின் சட்டம் உடைந்துபோனது. புதிதாக வாங்க மாலாவுக்கு மனமில்லை. இங்கே பழைய பொருள் விற்கும் கடையை எல்லோரும் ப்ரொக்கி என்பார்கள். செத்தவர் வீட்டுக் கோப்பை, தட்டு, கதிரை எல்லாம் அங்கேதான் வந்து சேரும். அங்கே போய், பசுமாட்டுப் படம் போட்ட நல்ல மரச்சட்டம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

பின்பக்கத்து ஆணிகளைக் கழற்றியது நான். மாடு வெளியே வந்தது. மாட்டுக்குப் பின்னால் ஒரு மட்டை. மட்டைக்குப் பின்னால் இன்னொரு மட்டை. இரண்டுக்கும் நடுவில், நான்காக மடித்த ஒரு கடதாசி.

"உந்தக் குப்பையை எறிஞ்சுபோட்டுக் கண்ணாடியைத் துடையுங்கோ. பிள்ளையார் காத்துக்கொண்டு நிக்கிறார்."

"மாலா, ஓடி வாரும். இது காசு!"

"எந்த நாட்டுக் காசு?"

"இந்த ஊர்க் காசு."

"இந்த ஊருக்கு பஸ்ஸே மணிக்கு ஒருக்காத்தான் வருது. காசு எங்கால வாறது?"

ஆனால் வந்திருந்தது! அந்தச் சின்ன ஊரின் பெயர், நான் தினமும் பஸ்ஸில் இறங்குகிற அதே பெயர், கொடி பின்னிய பழைய எழுத்தில், ஒரு காசுத்தாளின் நெற்றியில். அதற்குக் கீழே, சேமிப்பு வங்கி. அதற்கும் கீழே, இருபது பிராங்க்.

ஒரு பக்கம்தான் அச்சு. மறுபக்கம் வெறுமை, பழுப்பேறிய வெறுமை. இடது மூலையில் அரிவாளோடு ஒரு பெண், காலடியில் கோதுமைக் கட்டு. வலது மூலையில் எங்கள் மணிக்கூட்டுக் கோபுரம், மயிரிழைக் கோடுகளால் செதுக்கியது. எண்ணைக் கையால் எழுதியிருந்தார்கள். கையெழுத்துகள் இரண்டும் உண்மையான மையில் போட்டவை. ஒன்று அவசரக்காரனுடையது, மற்றது வாலைச் சுழற்றி முடிக்கும் ஆடம்பரக்காரனுடையது. மணந்து பார்த்தேன். பழைய மரமும் வைக்கோலும் கலந்த வாசம்.

நடுவில் ஒரு வரி. அதைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன். இதைக் கொண்டுவருபவருக்கு, கண்ட உடனே, வங்கி இருபது பிராங்க் கொடுக்கும்.

கொண்டுவருபவருக்கு! பெயர் கேட்கவில்லை. பிறந்த இடம் கேட்கவில்லை. எப்போது வந்தாய், ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. கொண்டு வந்தாயா, இந்தா.

அன்றைக்குப் பிள்ளையார் சாமியறையில் சட்டமில்லாமல்தான் இருந்தார்.

மலை தாண்டினால் கடதாசி

அடுத்த சனிக்கிழமை சூரிச்சுக்கு ரயில் ஏறினேன். அங்கே ஒரு சந்துக்குள் பழைய நாணயக் கடை. கடைக்காரர் கண்ணில் ஒரு சின்ன வில்லையைச் செருகிக்கொண்டு தாளைப் பார்த்தார். அவருடைய மூச்சு ஒரு நொடி நின்றதை நான் கேட்டேன்.

"எங்கே கிடைத்தது?"

"மாட்டுக்குப் பின்னால்."

அவர் சிரிக்கவில்லை. சொல்லத் தொடங்கினார். ஒரு காலத்தில் இந்த நாட்டுக்குப் பொதுவான காசுத்தாள் இல்லை. நாடு முழுவதற்குமான வங்கி பிறகுதான் வந்தது. அதற்கு முன்னர் மாநிலங்களின் வங்கிகள், நகரத்து வங்கிகள், இப்படிச் சின்ன ஊர்களின் வங்கிகள்கூடத் தங்கள் தங்கள் தாளை அச்சடித்தன. நிறம் வேறு, அளவு வேறு, படம் வேறு. ஒன்றில் கரடி, ஒன்றில் கப்பல், ஒன்றில் நெசவுத்தறி.

"எல்லாம் எல்லா இடத்திலும் செல்லுமோ?" என்று கேட்டேன்.

"செல்லும், செல்லாது" என்று கையை ஆட்டினார். "சொந்த ஊரில் எல்லோரும் வாங்குவார்கள். கையெழுத்துப் போட்ட ஆளைத் தெரியும், வங்கிக் கதவைத் தெரியும். பக்கத்து மாநிலத்துக்குக் கொண்டு போனால் கடைக்காரன் மூக்கைச் சுளிப்பான், குறைத்துத்தான் எடுப்பான். இன்னும் ஒரு மலை தாண்டினால் அது வெறும் கடதாசி."

பிறகு தேசிய வங்கி வந்ததும் இவற்றையெல்லாம் திருப்பி வாங்கி அழித்துவிட்டார்கள். திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்தவனுக்கு நட்டம்.

"அப்ப இதை வைச்சிருந்தவன் ஏன் குடுக்கேல்லை?"

கடைக்காரர் வில்லையைக் கழற்றினார். "அதுதான் எனக்கும் தெரிய வேண்டியது. என்ன விலை வேண்டும்?"

அவர் சொன்ன விலை என் ஒரு மாதச் சம்பளத்தை எட்டித் தொட்டது. நான் தாளை எடுத்து நெஞ்சுப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மாலா மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் கதைத்தாள். "விசர்தானே உங்களுக்கு? எங்கட வீட்டில கிடக்கிறது குந்தி எழும்பக்கூடிய சோபாவா? அதுக்குள்ள விழுந்தால் ஆள் பிடிச்சுத் தூக்க வேணும். வித்திருந்தால் புதுசு ஒண்டு வாங்கியிருக்கலாம்."

"இது இந்த ஊருக்குச் சொந்தமான சாமான், மாலா. ஊரிலயே இருக்க வேணும்."

"ஊர் உங்களை வேண்டாமெண்டு கடிதம் போட்டது. நீர் ஊருக்குச் சீதனம் குடுக்கப் போறீராக்கும்!"

அவள் என்னை 'நீர்' என்பது கோபம் உச்சிக்கு ஏறினால் மட்டும்.

நானும் அப்படியொரு தாள்

ஏன் விற்கவில்லை என்று அவளுக்கு அப்போது சொல்லத் தெரியவில்லை. இப்போது முயல்கிறேன்.

நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அகதி முகாமில் ஒரு கடதாசி தந்தார்கள். மடிக்கக்கூடிய, என் படம் ஒட்டிய கடதாசி. எந்த மாநிலத்தில் இருக்க வேண்டும் என்று அவர்களே முடிவு செய்தார்கள். எனக்கு விழுந்தது இந்த மாநிலம். என் நண்பன் ஒருவனுக்கு கிழக்கு மலைகளில் எங்கடின் என்ற பள்ளத்தாக்குப் பக்கம் விழுந்தது. பனி, ஹொட்டேல் சமையலறை, மலையேறும் சிவப்பு ரயில். "மச்சான், இஞ்ச வேலை இருக்கு, வாவன்" என்று எழுதுவான். நான் அங்கே குடியேற முடியாது. எனக்கு வேலை தரலாமென்று சொன்ன, பக்கத்து மாநிலத்து இன்டர்லாக்கன் ஊர் உணவகத்துக்கும் போக முடியாது. என் கடதாசி இந்த மாநிலத்தில் மட்டும்தான் செல்லும்.

மலை தாண்டினால் நான் வெறும் கடதாசி.

அந்த நாணயக் கடைக்காரர் அதே வார்த்தையைச் சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் மின்னல் ஓடியது. துக்கம் இல்லை. சத்தியமாகத் துக்கம் இல்லை! கூட்டத்துக்குள் சொந்தக்காரனைக் கண்ட சந்தோசம். இந்த நாட்டின் காசே ஒரு காலத்தில் என்னைப் போலத்தான் அலைந்திருக்கிறது.

அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. மூன்று சனிக்கிழமை ஊர்ப் பழஞ்சுவடி அறையில் போய்க் குந்தினேன். தூசியில் தும்மித் தும்மிப் படித்தேன். வங்கி எந்தக் கட்டடத்தில் இருந்தது, கையெழுத்துப் போட்ட இருவர் யார், வைக்கோல் வண்டிகள் எந்தச் சந்தியில் நின்று காசு மாற்றின. ஓடையின் பெயரும் வழியில் அகப்பட்டது, சும்மா, வேண்டாத விருந்தாளி மாதிரி.

உறைக்குள் என்ன?

இனி அந்த மேசைக்கு வருகிறேன்.

நேர்காணலுக்கு முதல் நாள் மாலா தெளிவாகச் சொல்லியிருந்தாள்: "அவையள் அரசாங்கக் கந்தோர்க்காரர். ஒரு பழம்கூடக் கொண்டுபோகப்படாது."

ஆனால் வெறுங்கையோடு ஒருவர் வாசலுக்குப் போய்ப் பழக்கமில்லாத பிறவி நான். தாளைக் காட்டாமல் அந்த அறைக்குள் எப்படி இருப்பேன்? மடிப்புக் கலையாமல் இருக்க ஒரு உறை தேடினேன். இங்கே எந்தத் தமிழ் வீட்டு அலுமாரியிலும் வெள்ளை உறை ஒரு கட்டு இருக்கும். கலியாணவீடு, பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு, பிறந்தநாள் என்று சனி ஞாயிறெல்லாம் உறையில் காசு வைத்துக் கொடுக்கிற சனம் நாங்கள். அதிலிருந்து ஒன்றை உருவி, தாளை வைத்து, பழக்க தோசத்தில் ஒட்டியும் விட்டேன். உறையைக் கொடுத்தால் சந்தோசம் என்பதுதான் எனக்குத் தெரிந்த அர்த்தம். வேறு அர்த்தம் உண்டென்று தலையில் ஏறவில்லை.

தலைவி முன்னாள் பள்ளிக்கூட ஆசிரியை. அவர்கள் கதைத்தது ஊர் ஜெர்மன். எனக்குக் கேட்ட தமிழில் எழுதுகிறேன்.

"அதை எடுங்கோ" என்றார். குரல் தட்டையாக இருந்தது. "இப்பவே எடுங்கோ."

"நான் இதை எழுத வேணுமோ?" என்று எழுத்தர் கேட்டார்.

"இந்த அறையில நடக்கிறது எல்லாம் எழுத வேணும்."

மாலா தமிழில் பல்லுக்குள்ளால் சொன்னாள்: "லஞ்சம் எண்டு நினைக்கினமப்பா!"

அப்போதுதான் விளங்கியது. இரண்டு வருடக் காத்திருப்பு, அவளுடைய அக்கா, எல்லாம் அந்த வெள்ளைச் சதுரத்துக்குள் மூச்சுத் திணறுவது தெரிந்தது. விளக்கம் சொல்ல ஜெர்மன் வரவில்லை. உறையைப் பறித்து, ஓரத்தைக் கிழித்து, தாளை மேசையில் விரித்தேன்.

பால்பண்ணைக்காரர் கண்ணாடியைத் தேடினார். போட்டார். கட்டியிருந்த கைகள் கழன்றன.

"இது எங்கட கோபுரம்" என்றார். பிறகு, கதிரையே பின்னால் விழும்படி எழும்பி, "இது எங்கட கோபுரமடி, பார்!" என்று தலைவியின் தோளில் தட்டினார்.

எங்கள் ஊருக்கு வங்கியா? தலைவிக்கு நம்பிக்கையில்லை. இருந்தது, மருந்துக்கடை இருக்கிற இடத்தில் என்றார் பால்பண்ணைக்காரர். உனக்கு விசர், அங்கே அப்போது குதிரை லாயம் என்றார் தலைவி. இரண்டு பேரும் எங்களை மறந்துவிட்டார்கள். எழுத்தர் எதை எழுதுவதென்று தெரியாமல் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டும் இல்லை" என்று என் வாய் தன்பாட்டில் திறந்தது. "வெதுப்பகத்துக்கு மேல், முதலாம் மாடி. படி வெளிப்பக்கத்தால. கீழே பாண் வாங்க வாற சனம் மேலே ஏறிக் காசு மாத்தும்."

இரண்டு தலைகளும் திரும்பின.

பிறகு கேள்விகள் வந்தன, மழைபோல. கையெழுத்துப் போட்டவர்கள் யார்? அவசரக்காரன் மில்காரன், ஆடம்பரக்காரன் பள்ளிக்கூடத்து ஆசிரியர். ஓல்டனில் இது செல்லுமா? குறைத்து எடுப்பார்கள். ஏன் மூடினார்கள்? நான் சொன்னேன், சொன்னேன், கையால் படம் வரைந்தேன், வினைச்சொல்லெல்லாம் வாக்கியத்தின் தவறான இடத்தில் விழுந்து உருண்டன. யாரும் குனிந்து பொறுக்கித் திருத்தவில்லை.

அப்போது எழுத்தர் மெதுவாகத் தொண்டையைச் செருமினார். "மன்னிக்க வேணும். இதுக்கு இண்டைக்குப் பெறுமதி ஏதும் இருக்கோ?"

அறை திரும்பவும் குளிர்ந்தது.

இல்லை என்று சொன்னால் எல்லாம் முடிந்தது. வெறும் பழங்கடதாசி. ஆனால் பொய். ஓம் என்று சொன்னால் அது உண்மையில் லஞ்சம் ஆகிவிடும். நான் மாலாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. நேரே தலைவியைப் பார்த்தாள்.

"இருக்கு" என்றாள், என்னைவிட ஆயிரம் மடங்கு திருத்தமான ஜெர்மனில். "சூரிச்சில ஒருவர் இவருடைய ஒரு மாதச் சம்பளம் அளவு தாறன் எண்டவர். இவர் குடுக்கேல்லை. நான் மூண்டு நாள் இவரோட கதைக்கேல்லை. இது ஊருக்குரியது எண்டு சொல்லிக்கொண்டே இருக்கிறார். எனக்கு விளங்கேல்லை. உங்களுக்கு விளங்கினால் எனக்கும் சொல்லுங்கோ."

பால்பண்ணைக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

தலைவி நிமிர்ந்தார். "அப்ப நான் இதைத் தொடவே ஏலாது. எடுத்துக்கொண்டு போங்கோ. எழுத்தர், எழுதுங்கோ. விண்ணப்பதாரர் பழைய தாள் ஒன்றைக் காட்டினார். விலையை மனைவி மறைக்கவில்லை. தாள் திருப்பிக் கொடுக்கப்பட்டது."

எங்களை வெளியே அனுப்பிவிட்டு அவர்கள் கதைத்த அரை மணி நேரமும் தாழ்வாரத்தில் நின்றோம். மாலா என் கையைப் பிடிக்கவில்லை, விடவும் இல்லை. சட்டைக் கைநுனியைப் பிடித்திருந்தாள். கதவு திறந்தது. ஊர்க்கூட்டத்துக்குப் பரிந்துரைக்கிறோம் என்றார் தலைவி.

"ஆனா அந்த உறை, வாக்கெடுப்பு முடியும்வரைக்கும் எங்களுக்குக் கிட்டவும் வரப்படாது."

சத்தமில்லாத கைகள்

ஊர்க்கூட்டம் ஒரு வசந்தகாலப் பின்னேரத்தில். ஜன்னலெல்லாம் திறந்திருந்தது, வெளியே புல் வெட்டிய மணம். எங்கள் பெயர் வந்ததும் நாங்கள் மண்டபத்தைவிட்டு வெளியேற வேண்டும். அதுதான் முறை.

உள்ளங்கை வேர்வையை எதில் துடைப்பதென்று தெரியாமல் பொக்கற்றுக்குள் கையை விட்டேன். வெறுமை. மாலா சொன்னபடி தாளை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன்.

கதவில் காதை வைத்தேன்.

"என்ன கேக்குது?" என்றாள் மாலா.

"ஒண்டும் கேக்கேல்லை."

கை உயர்த்துவதற்குச் சத்தம் கிடையாது என்பதை அன்றுதான் அறிந்தேன். பத்துக் கைகள் உயர்ந்தாலும் நூறு கைகள் உயர்ந்தாலும், ஒன்றுமே உயராவிட்டாலும், கதவுக்கு வெளியே ஒரே அமைதிதான். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான அமைதியை நான் கேட்டதில்லை. மாலா கண்ணை மூடியிருந்தாள்.

கதிரைகள் தரையில் உராயும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. தலைவி வாசலில் நின்றார். முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. வலது கையை நீட்டினார், உள்ளங்கை மேலே பார்க்க.

"கையெல்லாம் எழும்பினது. இனி அதைத் தரலாம்" என்றார்.

"ஐயோ, வீட்டில! நான் ஓடிப்போய் எடுத்துக்கொண்டு..."

மாலா கைப்பையைத் திறந்தாள். உள்ளே, கைக்குட்டைக்குள் சுற்றியபடி, தாள் இருந்தது. எப்போது எடுத்து வைத்தாள் என்று அவள் எனக்கு இன்றுவரை சொல்லவில்லை. அதை விரித்து, கோவிலில் கொடுப்பதுபோல இரண்டு கைகளாலும் ஏந்திக் கொடுத்தாள்.

தலைவி ஒரு கணம் அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு தன் இடது கையையும் கொண்டுவந்து, இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.